வெளியேறிய காரணம்

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த அரிசி ஆலையில் தவமணியம்மாள் வீடில்லாத குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார். புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம் என்று பிரிப்பதில்லை. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் முறை வைத்து வந்து வேலை செய்தார்கள்.

கலியமூர்த்தி லாரி ஓட்டியவர். கோபத்தில் ஒருவனை அடித்து வேலையை இழந்தவர். தவமணியம்மாள் குரலை உயர்த்தியதே இல்லை என்று கேள்விப்பட்டு வந்தார்.

"கோபத்தை அடக்கக் கத்துக்கொடுங்கம்மா."

"கூடத்தைக் கூட்டுப்பா."

நாலு மாதம் கூட்டினார். கோபம் அப்படியே இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் கால்வாய்க்கரை வீடுகளை இடித்துவிட்டார்கள். மாலைக்குள் ஆறு குடும்பங்கள் ஆலைக்கு வந்தன. கடைசியாக வந்தவள் அஞ்சலாட்சி. இடுப்பில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. புருஷன் தலையில் நனைந்த பாய்.

மறுநாள் காலை ஒரு ஜீப் வந்தது. இடிப்பை நின்று நடத்திய அதிகாரி இறங்கினார். ஜீப்பின் பின்னால் கட்டுக் கட்டாகப் போர்வைகள்.

கலியமூர்த்தி வாசலை மறித்தார்.

"இடிச்ச கையாலயே போர்வையா? எடுத்துட்டுப் போங்க."

தவமணியம்மாள் வந்து கட்டைத் தானே இறக்கினார். ஒரு போர்வையை உருவி அஞ்சலாட்சியின் குழந்தைக்குச் சுற்றினார்.

"அம்மா, இவர் கொடுத்ததையா?"

"பிள்ளைக்குக் குளிருது. உன் கோபத்தை அது போர்த்திக்க முடியுமா?"

அதிகாரியின் முகம் தெளிந்தது. "உங்க சேவை பெரிய சேவைம்மா. நானும் ஏதாவது செய்யணும்."

"செய்யுங்களேன். நேத்து வந்தவங்களை இன்னும் பதியல. எழுத ஆள் இல்லை."

நாற்காலி போட்டுப் பதிவேட்டைப் பிரித்து வைத்தார். அதிகாரி பேனாவை எடுத்தார். அஞ்சலாட்சி எதிரே வந்து நின்றாள். பெயர், வயது, குழந்தைகள் மூன்று.

"முன்னாடி இருந்த முகவரி?"

"கால்வாய்க்கரை, பதினேழாம் நம்பர் வீடு."

"எத்தனை வருஷமா?"

"நான் பொறந்ததே அங்கதாங்க."

அடுத்த கட்டத்தில் 'வெளியேறிய காரணம்' என்று அச்சிட்டிருந்தது. அதை அவர் கேட்கவில்லை. பேனா நின்றது.

"எழுதுங்க ஐயா," என்றார் தவமணியம்மாள். "அவளுக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

'வீடு இடிக்கப்பட்டது' என்று எழுதினார்.

"யார் இடிச்சது?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"அதையும் எழுதுங்க. நின்னு இடிச்சது யாருன்னும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னும் அஞ்சு குடும்பம் நிக்குது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஆறு குடும்பங்களும் அவரைச் சுற்றி நின்றன. குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறினார்.

மாற்று வீடு கேட்டு மனு தயாரித்து, அந்த ஆறு பக்கங்களின் நகலையும் இணைத்து, மத்தியானத்துக்குள் வக்கீலுக்கு அனுப்பிவிட்டார் தவமணியம்மாள். பிறகு அரிசி களைய உட்கார்ந்தார்.

கலியமூர்த்தி அருகில் வந்தார்.

"அந்த ஆளைப் பார்த்தப்ப உங்களுக்குக் கோபமே வரலையாம்மா?"

களைந்த நீரை வடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"வராமலா பதினோரு வருஷமா தினமும் நூறு பேருக்கு உலை வைக்கிறேன்?"