மரகதம் உட்கார்ந்தால் அச்சாகாத ஜாதகம்

மடமைக்கும் ஒழுங்குக்கும் பகை என்று எண்ணுவோர் புளியங்காநல்லூர்க் கட்டற்ற மென்பொருள் கழகத்தைக் கண்டறியார். அங்கே மடமை குறித்த நேரத்தில் கூடும். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடும். முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஒருமனதாக நிறைவேறும்.

கழகத்தின் தலைவர் ஏகாம்பரம், செயலாளர் மாசிலாமணி, உறுப்பினர்கள் கலியபெருமாளும் தாண்டவராயனும். நால்வருக்கும் பொதுவாக ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருந்தன. அக்கணினியில் உள்ள மென்பொருள்கள் யாவரும் இலவசமாகப் பெற்று, பிரித்துப் பார்த்து, திருத்திக்கொள்ளத் தக்கவை. நால்வரும் எதையும் பிரித்துப் பார்த்ததில்லை, திருத்தியதும் இல்லை. ஆயினும் அவ்வுரிமை தமக்கு உண்டு என்னும் பெருமிதத்தால், கடைவீதியில் சற்று மார்பை நிமிர்த்தியே நடப்பர். ஊராருக்கு அவர்கள் செய்த ஒரே தொண்டு, ஜாதகம் கணித்து அச்சிட்டுத் தருவது. ஊரில் வேறு பிரிண்டர் இல்லாமையால் அத்தொண்டிலிருந்து எவரும் தப்பவும் இயலவில்லை.

ஒரு திங்கட்கிழமை, தையற்கடை மரகதம் மழையில் நனைந்தபடி கழகத்துக்கு வந்தாள். வயது முப்பத்திரண்டு. ஏழு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. எட்டாவது வரன் வடகரையிலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை சேந்தன், அவள் நாள்தோறும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. குறுக்கே நின்றது ஒரே ஒரு தாள்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் அச்சிட்ட ஜாதகம் இன்றிப் பேச்சையே தொடங்கமாட்டார்.

மாசிலாமணி பிரிண்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தூசியை ஊதினார். ஊதியவர் மூடியை மூடவில்லை. மரகதம் நாற்காலியில் அமர்ந்து இருமுறை தும்மினாள். கலியபெருமாள் தேநீர் கொண்டுவந்தார். மாசிலாமணி பொத்தானை அழுத்தினார். திரையில், ‘அச்சிட இயலவில்லை’ என்று தோன்றியது.

மரகதம் எழுந்து, திறந்திருந்த மூடியை நோக்கிக் கையை நீட்டினாள். தாண்டவராயன் குறுக்கே வந்து நின்றார். கோளாறு நேர்ந்தால் எதையும் தொடாமல் முதலில் அறிக்கை அனுப்புக என்று மென்பொருளின் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தது. அவ்வாறே அறிக்கை சென்றது.

மென்பொருளை எழுதிய தமிழன்பர் கடல் கடந்த நாடொன்றில் இருப்பவர், பொறுமைசாலி. புதன்கிழமை மறுமொழி அனுப்பினார்: “கோளாறு எப்படி நேர்ந்தது என்பதை ஒரு படியும் விடாமல் எழுதுங்கள். அதே படிகளைத் திரும்பச் செய்து, கோளாறு மறுபடி வருகிறதா என்றும் பாருங்கள்.”

முதற்படி எது என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. மரகதம் உள்ளே வந்ததுதான் என்றார் தலைவர். மழை அதற்கு முந்தியது என்றார் தாண்டவராயன். மழைக்கு முன்பே மேகம் திரண்டதைத் தாம் கண்டதாகக் கலியபெருமாள் தெரிவித்தார். மேகம் கழகத்தின் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்று முடிவாகி, மழையிலிருந்தே தொடங்கினர். அன்றோ மண்டையைப் பிளக்கும் வெயில். எனவே தாண்டவராயன் இரண்டு வாளித் தண்ணீருடன் கூரைமேல் ஏறினார்.

மரகதத்துக்கு ஆள் அனுப்பினர். தாள் கிடைத்தால் போதும் என்று அவளும் வாசலில் நின்று நனைந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

“தும்மு” என்றார் மாசிலாமணி.

“தும்மல் வரலையே அண்ணே.”

“இரண்டு தும்மல் என்று அறிக்கையில் எழுதிவிட்டோம், மரகதம். உன் வசதிக்காக அதைத் திருத்த இயலாது.”

மூக்குப்பொடி தருவிக்கப்பட்டது. அவள் பதினொருமுறை தும்மினாள். ஒன்பது தும்மல் மிகையென்று கண்டு, மழையிலிருந்து மறுபடி தொடங்கினர். இம்முறை ஒரே தும்மல்தான் வந்தது. மூன்றாம் முறை எண்ணிக்கை சரியாக அமைந்த மகிழ்ச்சியில், தேநீரோடு விரைந்த கலியபெருமாள் ஈரத்தரையில் வழுக்கினார். அவர் முழங்கை பிரிண்டரின் மூடிமேல் விழுந்தது. மூடி ‘டக்’கென்று பொருந்தியது. பிரிண்டர் முனகிற்று, ஜாதகம் வெளியே வந்தது.

நால்வரும் பிரிண்டரைச் சூழ்ந்து நின்றனர்.

“கோளாறு போய்விட்டது” என்றார் ஏகாம்பரம், இழவுச் செய்தி சொல்லும் குரலில். “அயல்நாட்டார் நம்மைப் பொய்யர் என்று நினைப்பார்களே.”

“நீங்க உட்கார்ந்து ஒப்பாரி வையுங்க அண்ணே. எனக்குக் கடை இருக்கு” என்று தாளை எடுத்துக்கொண்டு மரகதம் போய்விட்டாள்.

அவள் சென்றபின் அவசரக் கூட்டம் நடந்தது. கோளாற்றை மீட்கும் பொருட்டு, பிரிண்டரின் மூடியை மறுபடி திறந்து வைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. தாண்டவராயன் மட்டும் எதிர்த்தார். திறப்பதில் அவருக்கு மறுப்பில்லை. திங்கட்கிழமை அது இன்னும் இரண்டு விரற்கடை உயரமாகத் திறந்திருந்தது என்பதே அவர் வாதம்.

வெள்ளிக்கிழமை மரகதத்தின் வீட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் பரிமாறப்பட்டன. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜாதகத்தைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். மரகதத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்நேரம் பார்த்துக் கழகத்தார் நால்வரும் உள்ளே நுழைந்தனர். உண்மையை மறைத்தல் பாவம் என்பது அவர்களுடைய கொள்கை.

“அந்தத் தாள் முறைப்படி வந்ததன்று, ஐயா” என்றார் ஏகாம்பரம்.

“ஏன்? ஜாதகத்துல ஏதாவது குறையா?”

“ஜாதகத்தில் குறை இல்லை. இந்தப் பெண் வந்து உட்கார்ந்தால் குறை வருகிறது. அறிக்கையில் அது மூன்றாம் படி.”

தகப்பனார் சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். எட்டாவது வரனும் எழுந்து வாசலுக்குப் போவதை மரகதம் மனத்துக்குள் கண்டுவிட்டாள். பஸ்ஸில் மரகதம் சொல்லி நடந்ததையெல்லாம் அறிந்திருந்த சேந்தன், கண்டக்டருக்குரிய நிதானத்தோடு மாசிலாமணியைப் பார்த்தான்.

“பிரிண்டர் மூடி திறந்திருக்குதா?”

“தீர்மானப்படி திறந்திருக்கிறது.”

“மூடினா?”

“அச்சாகிவிடும். அதனால்தான் மூடவில்லை.”

சேந்தன் தகப்பனார் பக்கம் திரும்பினான். “அப்பா, பொருத்தமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இந்தப் பொண்ணை இவங்க ஊர்லேர்ந்து வெளியே கொண்டுபோகணும்.”

தகப்பனார் நால்வரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சொஜ்ஜித் தட்டை மறுபடி கையில் எடுத்தார். பத்தாம் நாள் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

திருமணத்துக்கு முதல் நாள், கழகம் எழுதி அனுப்பிய படிகளுக்குத் தமிழன்பரின் மறுமொழி வந்தது: “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மற்றவையெல்லாம் முன்போலவே இருக்கட்டும்.”

எதை மாற்றுவது என்று கழகம் ஆராய்ந்தது. நாற்காலியை மாற்றலாம் என்றார் தாண்டவராயன். தேநீருக்குப் பதிலாகக் காப்பி என்றார் மாசிலாமணி. மூடியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அது தீர்மானத்தால் காக்கப்பட்ட பொருள். அப்போது கலியபெருமாள் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“தலைவரே, நாளைக் காலை ஒன்று தானாகவே மாறப்போகிறது. அன்று வந்து உட்கார்ந்த மரகதம், மணமாகாத மரகதம்.”

மற்ற மூவரும் அவரை மேதையைப் பார்ப்பது போலப் பார்த்தனர்.

மறுநாள் கணினி, பிரிண்டர், நாற்காலி, தேநீர், மூக்குப்பொடி, இரண்டு வாளித் தண்ணீர் ஆகியவை திருமண மண்டபத்துக்குச் சென்றன. தாலி ஏறியதும், மணமகளை அரை நிமிடம் அந்த நாற்காலியில் வந்து அமருமாறு வேண்டினர். வாளிகளைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியதால், பன்னீர்த் தெளிப்பையே மழையாகக் கொள்ளத் தலைவர் பெருந்தன்மையோடு இசைந்தார். மரகதம் மாலையோடு அமர்ந்தாள்; பொடியின் உதவியால் இருமுறை தும்மினாள்; இதோடு விட்டுவிடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். ‘அச்சிட இயலவில்லை’ என்றது திரை. சேந்தனின் கை மூடியை நோக்கி நீண்டது. மரகதம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. அவங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

அன்று மாலையே, தாங்கள் ஒன்றை மாற்றிப் பார்த்ததாகவும், அதனால் பயனில்லை என்றும் கழகத்தார் எழுதி அனுப்பினர். மாற்றியது இன்னதென்று அவர்கள் சொல்லவில்லை, அன்பரும் கேட்கவில்லை. அவர் மறுமொழி சுருக்கமாக இருந்தது: “பயன் தராத மாற்றத்தை அப்படியே விடாதீர்கள். முதலில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அடுத்ததை மாற்றுங்கள்.”

மூன்றாம் நாள் காலை, வடகரையில் சேந்தனின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மரகதம் திறந்தாள். நால்வரும் சலவை வேட்டியில், தீர்மானத்தின் நகலோடு நின்றனர்.

“ஒரு சிறு வேண்டுகோள், அம்மா” என்றார் ஏகாம்பரம். “நீங்கள் இருவரும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நெடுநாள் வேண்டியதில்லை. நாற்காலியை மாற்றிப் பார்க்கும்வரை போதும்.”