கயிலாசத்தின் முதுகு

ஆற்றங்கரை மடத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. அவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துடைப்பதும்தான் அங்கே சீடர்களுக்குப் படிப்பு. வேறு பாடம் கிடையாது.

ஒரு நாள் காலையில் குரு ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“இன்னையிலிருந்து கடைசிக் கட்டில் உனக்கு.”

“அது கயிலாசம் கட்டில் சாமி.”

“ஆமா.”

“எனக்கு வேண்டாம். பஞ்சாயத்துல பொய்ச் சாட்சி சொல்லி என் ரெண்டு ஏக்கரைப் பிடுங்கி அவன் மச்சானுக்குக் கொடுத்தவன். பதினெட்டு வருஷமா அவன் நிழலைக்கூட மிதிக்கல.”

குரு எழுந்து நடந்தார். ஆண்டியப்பன் பின்னால் போனான்.

கயிலாசத்துக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை. கட்டிலை ஒட்டி நல்லபெருமாள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். சீடர்களில் அவனைப்போல இளகிய மனசு யாருக்கும் இல்லை.

குரு கயிலாசத்தைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினார். கயிலாசம் அலறினார். முதுகுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. படுக்கைப் புண்.

“எத்தனை நாளா திருப்பல?”

நல்லபெருமாளுக்குக் கண் கலங்கியது. “திருப்பினா அழுறார் சாமி. பொறுக்க முடியல. அப்படியே விட்டுட்டேன். ஆனா பக்கத்தை விட்டு நகராம விசிறினேன்.”

குரு நிமிர்ந்தார். ஆண்டியப்பனைப் பார்த்தார்.

“இது எலும்பைத் தொட்டுட்டா ஆள் பிழைக்க மாட்டார். ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பணும்.”

“வேற ஆளே இல்லையா சாமி? என் கையில செத்தா நான்தான் கொன்னேன்னு ஊர் சொல்லும்.”

“இவர் அழுதா நல்லபெருமாளுக்குப் பொறுக்கல. உனக்குப் பொறுக்கும்.”

ஆண்டியப்பன் வெந்நீர் கொண்டுவந்தான். முழங்கையை வைத்துச் சூடு பார்த்தான். கயிலாசம் கண்ணைத் திறந்தார்.

“என்ன வே, கழுத்தை நெரிக்க வந்தீரா?”

“அதுக்கு முன்னால குளிப்பாட்டச் சொல்லியிருக்காங்க.”

போர்வையை உருவிக் கீழே போட்டான். வேட்டியையும் அவிழ்த்தான். அடுத்த கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். கயிலாசம் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். உடம்பு வரவில்லை. ஆண்டியப்பன் துண்டை நனைத்தான், பிழிந்தான், மறுபடி நனைத்தான். அவசரப்படவில்லை.

“மூடு” என்றார் குரு.

“ஊர் நடுவுல என்னைத் தலைகுனிய வச்சவன் சாமி.”

“கோபம் இருக்கட்டும். அது உன்னோடது. போர்வையை எடுத்து மூடு.”

ஆண்டியப்பன் குனிந்து போர்வையை எடுத்து மூடினான். ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்ளே வைத்தான். பிறகு அடுத்த கை. பிறகு கால்.

அன்று முதல் ஒரு தரம்கூடத் தப்பவில்லை. பகலில் அவன் திருப்பினான். ராத்திரிக்கு ஆள் வைத்து, காலையில் வந்ததும் எத்தனை தரம் திருப்பினாய் என்று கேட்டான்.

“மூணு எண்ணுவேன். திருப்பப் போறேன்.”

“கொல்லுதான், கொல்லுதான்!”

“இன்னும் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிடும்.”

திருப்பியபின் விரிப்பில் ஒரு மடிப்பு இல்லாமல் இழுத்துவிடுவான். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பான். புண்ணைக் கழுவி மருந்து வைப்பான். சாப்பாடு ஊட்டினபின் விரலில் துணியைச் சுற்றி ஈறைத் துடைப்பான்.

“அந்த நிலம் என் மச்சான் நிலம்தான் வே. இப்பவும் சொல்லுவேன்.”

“பொய் சொல்லுற வாய். இன்னொரு தரம் கொப்பளியும்.”

முதல் மாதம் புண் பெரிதாகவில்லை. இரண்டாம் மாதம் சுருங்கியது. மூன்றாம் மாதக் கடைசியில் புதுத் தோல் மூடிக்கொண்டது. நல்லபெருமாள் வந்து பார்த்து ஆண்டியப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாத்தையும் மன்னிச்சுட்டீங்க அண்ணே. பெரிய மனசு.”

ஆண்டியப்பன் கையை உதறிவிட்டு நேராகக் குருவிடம் போனான்.

“நான் மன்னிக்கல சாமி. ஒரு பொட்டுகூடக் குறையல. அவன் மூஞ்சியைப் பார்த்தா இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. பார்க்கிறவங்க என்னை நல்லவன்னு நினைக்கிறாங்க. எனக்குக் கூசுது. இந்தப் படிப்பு எனக்கு ஏறலைன்னா சொல்லிடுங்க, இன்னைக்கே போயிடறேன்.”

குரு எழுந்து அவனையும் கூட்டிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனார். கயிலாசத்திடம் சொல்லிவிட்டுத் திருப்பினார். இந்த முறை அவர் அலறவில்லை. குரு அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை மெதுவாகத் தடவினார். அக்குளுக்கு அடியில் பார்த்தார். தொடை மடிப்பில் பார்த்தார். குதிகால்களைத் தூக்கிப் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துப் போர்த்தினார்.

“பதினெட்டு வருஷக் கோபம்னு சொன்னே. உடம்பு முழுக்கத் தேடிட்டேன் ஆண்டியப்பா. இங்க எங்கயும் அது படல.”