டகோட்டாவில் சீவிய இளநீர்

திருச்சி ஏர்போர்ட்டுல கோலாலம்பூர் விமானம் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு அறிவிச்சப்போ காலையில பத்து மணி. வெளிய கொட்டுற மழை. எல்லாரும் கண்ணாடி வழியா மழையைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. என் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

"விட்டுடாதே தாயே, சாயந்தரம் வரைக்கும் கொட்டு!"

அவர் பேர் குஞ்சிதபாதம். மயிலாடுதுறையில பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர். பொண்ணு சௌந்தரா கல்யாணமாகிக் கோலாலம்பூர் போய் ஆறு வருஷம். பேத்திக்கு நாலு வயசு. போன்லயே பார்த்துப் பழகினதால, தாத்தான்னா உள்ளங்கை அகலம்தான் இருப்பார்னு அந்தக் குழந்தை நம்பிக்கிட்டிருக்காம். ரெண்டு தடவை டிக்கெட் போட்டு, ரெண்டு தடவையும் "வயிறு சரியில்ல"ன்னு வீட்டோட படுத்துட்டார். மூணாவது டிக்கெட்டை அனுப்பும்போது மாப்பிள்ளை சொல்லிட்டாராம், "இதுக்கும் வரலைன்னா இனிமே கூப்பிடவே மாட்டோம் மாமா."

"சாகறதுன்னா தரையில சாகணும் தம்பி"ன்னார் என்கிட்ட.

எதிர் வரிசையில ஒருத்தர் கடகடன்னு சிரிச்சார். எழுபது வயசு இருக்கும். சட்டைப் பையில மூணு பேனா. "மொத தடவையா சார்? நான் மரியசூசை. ஊரு பொன்மலைப்பட்டி. நாப்பது வருஷம் விமானத்துல சாப்பாடு பரிமாறினவன். தரையில நடந்தாத்தான் எனக்குத் தலை சுத்தும்."

"அப்ப வாசல்லேருந்து இங்க எப்படி வந்தீங்கண்ணே?" பக்கத்துல இருந்த நூர்ஜஹான் அக்கா கேட்டாங்க. அவங்க கமுதி. மகள் பிரசவத்துக்குப் போறாங்க.

"சுத்திக்கிட்டேதான் வந்தேன் தங்கச்சி."

குஞ்சிதபாதம் சார் முன்னால நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்களே சொல்லுங்க, எந்த விமானம் நம்பி ஏறக்கூடியது?"

அவ்வளவுதான். கேட்கக்கூடாத ஆள்கிட்ட கேட்டுட்டார்.

"எம் மனசுக்குப் புடிச்சது டகோட்டா. சின்ன விமானம், பசுமாடு மாதிரி சாது. தென்னை மர உயரத்துலதான் போவும். தஞ்சாவூர்ப் பக்கம் போறப்ப கதவைத் தொறந்து கையை நீட்டினா இளநி. ஆளுக்கு ஒண்ணு பறிச்சுக் குடுப்பேன்."

"பறிச்சீங்க, சரி. சீவுனது யாரு?" நூர்ஜஹான் அக்கா விடலை.

"முன்னாடி காத்தாடி சும்மாவா சுத்துது? அதுக்கிட்ட நீட்டினா சர்ருனு சீவிடும். வழுக்கை வேணும்னா பைலட்டுகிட்ட சொல்லிக் கொஞ்சம் மெதுவா சுத்தச் சொல்லணும்."

குஞ்சிதபாதம் சார் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"ஆனா வசதின்னா ஜம்போதான். முன்பக்கம் மாடியே இருக்கும். அதுல ஒரு கல்யாணம் நடத்தினோம். மாடியில பொண்ணு வீடு, கீழ மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை அழைப்பு வால்ல கெளம்பி, நாயனம் தவுலோட மூக்குக்கு வர்றதுக்குள்ள நாலு நாடு தாண்டிருச்சு. மூக்கு லண்டன்ல எறங்கிடுச்சு, வால்ல மூணாவது பந்தி ஓடிக்கிட்டிருக்கு!"

"பந்திக்கு அப்பளம் பொரிக்க மேல போய் எண்ணெய்ச் சட்டி வச்சீங்களாக்கும்?" அக்காதான்.

"சட்டி எதுக்கு? அப்பளத்தை ஒரு குச்சியில கட்டி இன்ஜினுக்குப் பின்னால காட்டுவேன். எண்ணெய் இல்லாத அப்பளம். டாக்டருங்க எல்லாம் ரெண்டு ரெண்டு வாங்கித் தின்னாங்க."

இதுக்குள்ள பின் வரிசை ஆளுங்களும் இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. ஆள் சேரச் சேர மரியசூசை அண்ணனுக்குக் குரல் ஏறிச்சு.

"வேகம் வேணுமா? கான்கார்ட். மூக்கு கொக்கு மூக்கு மாதிரி இருக்கும். சத்தத்தைவிட வேகமாப் போகும், அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது என்னன்னா, உள்ள ஒருத்தன் காபி கேட்டா எனக்குக் கேக்காது. அவன் சத்தம் பின்னாடிதானே வருது! பாரிஸ்ல ஒரு தும்மல் போட்டேன். நியூயார்க்ல எறங்கி, ஓட்டலுக்குப் போய், குளிச்சுட்டு வெளிய வரேன், அப்பத்தான் என் தும்மல் வாசல்ல வந்து சேருது. ரூம்காரப் பையன் 'நூறு'ன்னு வாழ்த்திட்டுப் போனான்."

"நியூயார்க்ல அவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"நான் போனா எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. குறுக்க பேசாதீங்க, முக்கியமான விமானத்துக்கு வரேன். ரெண்டு மாடி, முழு நீளத்துக்கும் ரெண்டு மாடி. ஏர்பஸ் முன்னூத்தி எண்பது. றெக்கையில கபடி ஆடலாம். சத்தமே கெடையாது. பறக்குதுன்னு சொன்னாத்தான் தெரியும். புதுக்கோட்டைக்காரர் ஒருத்தர் நடுக்கடலுக்கு மேல எழுந்து, 'வண்டி எப்பத்தான் எடுப்பீங்க?'ன்னு சண்டைக்கு வந்துட்டார். அன்னிக்கு எதிர்ல ஒரே மேகம். பைலட் கையைப் பிசையறார். 'நகருங்க தம்பி'ன்னு வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு றெக்கை மேல ஏறி, வழி நெடுக மேகத்தைக் கூட்டித் தள்ளினேன். அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லாவுல பேஞ்சதெல்லாம் நான் தள்ளின மழை."

"எங்க கமுதியில ஒரு சொட்டு விழலையே!"

"சிவகங்கைக்காரன் நடுவுல இழுத்துக்கிட்டான். அதுக்கு நான் என்ன பண்ண?"

எல்லாரும் சிரிச்சாங்க. குஞ்சிதபாதம் சார் சிரிக்கலை. முகம் வெளுத்துப் போய் எழுந்து நின்னார்.

"மேகம் வந்தா ஒரு ஆள் றெக்கையில ஏறணுமா?"ன்னார். பையைத் தூக்கித் தோள்ல மாட்டினார். "எனக்கு வயிறு சரியில்ல." விறுவிறுன்னு வெளிய போற பக்கம் நடந்துட்டார்.

நூர்ஜஹான் அக்கா மரியசூசை அண்ணன் பக்கம் திரும்பினாங்க. "பயந்த மனுஷனை வெரட்டி விட்டுட்டீங்களே! எந்திரிங்க. அவரைக் கூட்டிக்கிட்டு வராம இங்க உக்காரக் கூடாது."

மரியசூசை அண்ணன் ஓடினார். நானும் பின்னாலயே போனேன். யூனிஃபார்ம் போட்ட பொண்ணு ஒண்ணு குஞ்சிதபாதம் சார்கிட்ட, "வெளிய போயிட்டீங்கன்னா இந்த ஃப்ளைட்டைப் பிடிக்க முடியாது சார்"னு சொல்லிக்கிட்டிருந்தா. "அதுதாம்மா வேணும்"னார் அவர்.

"சார், சார்! நான் சொன்னதுல கொஞ்சம் பொய்யி."

"எது எது?"

"றெக்கையில ஏறினது. இளநி. கல்யாணம். அந்தத் தும்மல்..."

"மிச்சம் என்னய்யா இருக்கு?"

மரியசூசை அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சார். "பொன்மலைப்பட்டி நெஜம் சார்."

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. குஞ்சிதபாதம் சாருக்கும் உதடு ஒரு தடவை துடிச்சுது, ஆனா பையை இறக்கலை.

மரியசூசை அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு நெஜமும் சொல்றேன். நான் பரிமாறினதெல்லாம் கேன்டீன்ல, தரையில. மகனைப் பாக்க மூணு தடவை பறந்திருக்கேன். மூணு தடவையும் தொடை நடுங்குச்சு. வாயை மூடினா நடுக்கம் வந்துடும் சார், அதான் பேசிக்கிட்டே இருக்கேன். பக்கத்துல யாராச்சும் இருந்தா எனக்குத் தேவலாம்."

குஞ்சிதபாதம் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னைவிட பயந்தவனா நீ?"

"ரெண்டு மடங்கு."

"மூதேவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"ன்னு பையை அவர் கையில குடுத்துட்டுத் திரும்பி நடந்தார். இன்னொருத்தன் பயத்தைப் பார்த்ததும் அவர் நடையே மாறிப்போச்சு.

மழை விட்டுது. விமானத்துல குஞ்சிதபாதம் சார் பக்கத்துல இருந்த என் சீட்டை மரியசூசை அண்ணனுக்குக் குடுத்துட்டு நான் பின்னால உட்கார்ந்தேன். விமானம் எழும்பினப்போ முன்னால ரெண்டு தலையும் ஆடாம இருந்துச்சு. நடுவுல நாலு கை, எது யாருதுன்னு தெரியாத முடிச்சு. மேல ஏறி வெயில் அடிச்சதும்தான் குஞ்சிதபாதம் சார் ஒரு கண்ணைத் தொறந்து ஜன்னலைப் பார்த்தார். கீழ கண்ணுக்கெட்டின வரைக்கும் வெள்ளை வெளேர்னு மேகம். மெதுவா, "இவ்வளவையும் கூட்டாமப் போட்டு வச்சிருக்கியே மரியசூசை"ன்னார்.

கோலாலம்பூர்ல வெளிய வந்தோம். சௌந்தரா ஓடி வந்து கட்டிக்கிட்டு அழுதா. "ரொம்ப பயந்துட்டீங்களாப்பா?"

"பயமா? எனக்கா?" குஞ்சிதபாதம் சார் நெஞ்சை நிமிர்த்தினார். "பாதி வழியில பைலட் வந்து, 'சார், பசி தாங்கலை, செத்த புடிச்சுக்குங்க'ன்னார். சரி, போய்ச் சாப்பிடுன்னு அனுப்பிட்டு, மலாக்கா ஜலசந்தி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். இந்த மரியசூசை வேற பயந்துபோய் என் கையை விடவே இல்ல. ஒத்தைக் கையாலதான் ஓட்ட வேண்டியிருந்துது."

நாங்க எல்லாரும் மரியசூசை அண்ணனைப் பார்த்தோம். அவர் பெட்டி வச்ச தள்ளுவண்டியை நிறுத்தினார்.

"நல்லாத்தான் ஓட்டினாரும்மா"ன்னார். "மேகத்துக்கு மேகம் ஹாரன் அடிச்சதுதான், எனக்குக் கண்ணசரவே முடியல."