விழுங்கிய பிழை

பாடம் முடிந்ததும் ஜெஸிந்தா மேடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது மேம்" என்று வகுப்பு சொல்லும். அதில் இசக்கிராஜாவின் குரல்தான் முதலில் வரும். புரியாத நாளில் இன்னும் சத்தமாக வரும்.

கல்லூரி முதலாமாண்டில் ஒரே ஒரு முறை அவன் புரியவில்லை என்று சொல்லியிருந்தான். அப்போதைய ஆசிரியர், பள்ளியில் எந்த மீடியம் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அதோடு விட்டுவிட்டான்.

இரண்டாமாண்டில் ஜெஸிந்தா மேடம் எடுத்தது மென்பொருள் பொறியியல் அடிப்படைகள். விடுதி மெஸ்ஸுக்காக அவனுடைய குழு ஒரு செயலி செய்தது. நாளைக்குச் சாப்பாடு வேண்டும் என்று மாணவர்கள் போனில் அறை எண்ணைப் போட்டுச் சொன்னால் போதும், அத்தனை பேருக்கு மட்டும் சமைப்பார்கள். சொன்னதை வாங்கி அனுப்புவது இசக்கியின் வேலை. வந்ததைத் தகவல்தளத்தில் சேமிப்பது ரிஹானாவின் வேலை.

இசக்கி எழுதிய பகுதியில் அவ்வப்போது சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வந்தது. ஆங்கிலத்தில் நீளமாக வந்தது. யாரையாவது கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள். அவன் இரண்டு வரி சேர்த்தான். பிழை வந்தால் பிடித்துக்கொள், ஒன்றும் சொல்லாதே, மேலே போ. சிவப்பு மறைந்தது. எதை அனுப்பினாலும் 'பதிவானது' என்று பச்சையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அதைச் சோதனைக்கு விட்டார்கள். விடுதியின் புதுக் கட்டடத்துப் பையன்கள் பாதிப் பேருக்குச் சாப்பாடு இல்லை. பதிவானது என்று காட்டிய போனைத் தூக்கிக்கொண்டு வார்டனிடம் போனார்கள்.

சேமிக்கும் இடத்தில்தான் கோளாறு என்று எல்லாரும் ரிஹானாவைப் பார்த்தார்கள். அவள் நாள்கணக்காகத் தேடினாள். அவள் போட்டுப் பார்த்ததெல்லாம் சரியாகவே பதிவானது. இசக்கி அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான். நல்லா தேடு, எங்கேயாவது இருக்கும் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

மேடம் நடத்தும் மதிப்பாய்வில் தன் பகுதியில்தான் தவறு என்று ஒப்புக்கொண்டுவிடப் போவதாக ரிஹானா சொன்னாள். அதற்கு முந்தைய நாள் மாலை இசக்கி மேடத்தின் அறைக்குப் போனான். சொல்லத்தான் போனான். வாயில் வந்ததோ வேறு.

"பிழையே வராம ப்ரோகிராம் எழுத என்ன படிக்கணும் மேம்?"

மேடம் அவனை உட்காரச் சொன்னார். ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, அம்புக்குறி இழுத்து, ஆங்கில வார்த்தைகளாக அடுக்கி விளக்கினார். இசக்கி இடைவிடாமல் தலையாட்டினான்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேம்."

"எனக்குப் புரியலப்பா. வாய்க்கு வந்ததைக் கோத்துச் சொன்னேன்."

அவனுக்குக் காது மடல் சுட்டது. மேடம் சிரிக்கவில்லை. தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நீ தலையாட்டினதும் நான் அடுத்ததுக்குப் போயிருப்பேன். உனக்கு எங்க நின்னுபோச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் எழுந்து வந்தான்.

மறுநாள் ரிஹானா பேச எழுந்தபோது அவன் முந்திக்கொண்டான். ஒரு நிமிஷம் என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்து, அந்த இரண்டு வரிகளையும் எல்லார் முன்னாலும் அழித்தான். சாப்பாடு கிடைக்காத புதுக் கட்டடத்துப் பையன் ஒருவனின் அறை எண்ணைப் போட்டு ஓட்டினான். பெரிய திரை முழுக்கச் சிவப்பு. பின்வரிசையில் யாரோ, பட்டாசு வெடிச்சுட்டாண்டா என்றான்.

"இதை நான் மறைச்சு வெச்சிருந்தேன் மேம். என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரியல."

ரிஹானா திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தாள்.

"அறை எண்ல எழுத்து இருக்கு, சேர்க்க முடியாதுங்குது. நான் வெறும் நம்பர்னு வெச்சிருக்கேன். எங்க ஹாஸ்டல்ல எல்லாமே நம்பர்தான்." அவள் திரும்பினாள். "தப்பு என்னோடதுதான். ஆனா இது கண்ணுல பட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலைடா."

"அப்ப நீ தப்பிச்ச மாப்ள" என்று பக்கத்திலிருந்தவன் இசக்கியின் தோளைத் தட்டினான்.

ஒரு கணம் இசக்கிக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததே அடுத்த கணம் அவனைக் கூசவைத்தது. மேடத்தின் மேசையருகே போய்த் தலைகுனிந்து நின்றான்.

"என்னை மன்னிச்சிடுங்க மேம்."

மேடம் மதிப்பெண் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"என்கிட்ட எதுக்குப்பா கேக்கற? தேடினது நானா?"