உப்புக் கிடங்குப் பார்வை

“வித்துட்டாங்கம்மா. எங்க பாட்டை வித்துட்டாங்க,” என்றார் இசக்கியப்பன்.

உலகம்மை புளி தட்டிக்கொண்டிருந்தார். கருங்கல்லின் மேல் ஒரு புளியை வைப்பார்; சிறு சுத்தியலால் ஒரு தட்டு; கொட்டை தெறித்து விழும்.

“யார் வித்தாங்க, அண்ணாச்சி?”

“உப்பளம்.”

உப்பளம் என்பது தூத்துக்குடியில் தோன்றிய ஒரு ராக் இசைக்குழு. துறைமுகத்தில் கிரேன் இயக்கும் இசக்கியப்பன் அதன் முதல் ரசிகர்களுள் ஒருவர். மலைச்சரிவில் வாழ்ந்த உலகம்மையை அவர் குருவாகக் கொண்டிருந்தார். குரு, சீடரைவிட வயதில் இளையவர். அதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை.

“அது இருக்கட்டும். வெளியில உட்கார்ந்திருக்காங்களே, அவங்க யாரும்மா?”

“உங்களை மாதிரி வந்தவங்க.”

“என்னை மாதிரியா? அந்தப் பச்சைச் சட்டை, உங்களை ஏதோ வீடியோவுல பார்த்துட்டு வந்தவன். நான் செருப்பு விடுற இடத்துல அவன் செருப்பு கிடக்கு.”

“நீங்க எதைப் பார்த்து வந்தீங்க?”

“பஸ் பழுதாகி நின்னுது. தண்ணி கேட்டு வந்தேன்.”

“குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

சுத்தியல் விழுந்தது. ஒரு கொட்டை வாசல்வரை உருண்டு சென்றது.

“சரி, பாட்டுக்கு வாங்க,” என்றார் உலகம்மை.

“நங்கூரம்னு ஒரு பாட்டும்மா. ஆரம்பத்துல பழைய உப்புக் கிடங்குல வாசிப்பாங்க. நடுவுல டிரம்ஸ்காரன் ரெண்டு குச்சியையும் மேல தூக்கிடுவான். கிட்டார் நின்னுடும். எல்லாம் நின்னுடும். அந்த இடத்துல நாங்க காலால ஒரு மிதி மிதிப்போம். ஒரே மிதி. கிடங்கே குலுங்கும்.”

“யார் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் சொல்லமாட்டோம். தெரிஞ்சவனுக்குத் தெரியும். புதுசா வந்தவன் பிந்தி மிதிப்பான். நாங்க திரும்பிப் பார்ப்போம்.”

“பார்த்து?”

“பார்ப்போம். அவ்வளவுதான். அடுத்த தடவை அவன் சுவர் ஓரமாப் போய் நிப்பான்.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பழைய பெருமை ஒன்று வந்து அமர்ந்தது. வெகுநேரம் அது அங்கே தங்கவில்லை.

“இப்போ அதே பாட்டைச் சினிமாவுக்குக் கொடுத்துட்டாங்க. அந்த இடத்தை அடைச்சுட்டாங்கம்மா. ‘ஹோ’ன்னு ஒரு கூட்டம் கத்துது. கீபோர்டு ஒரு பக்கம் பாகு காய்ச்சுது. கல்யாண மண்டபத்துல போடுறான், ஜூஸ் கடையில போடுறான். நேத்து வந்தவனெல்லாம் ‘நம்ம உப்பளம்’ங்கிறான். கேட்கும்போது வயிறு எரியுது.”

“உங்க ரசிகர் மன்றம் என்ன சொல்லுது?”

“மன்றம் ரெண்டாப் போச்சு. பாதிப் பேர், பையன்க வளர்றாங்க, நல்லா இருக்கட்டும்ங்கிறாங்க. எது போட்டாலும் ஆடுற கூட்டம் அது. மீதிப் பேர் என்கூட. நாளைக்குச் சாயங்காலம் எங்க ஊர்க் கடற்கரை மைதானத்துல கச்சேரி. நங்கூரம் ஆரம்பிச்சதும் மேடைக்கு முதுகைக் காட்டி நிக்கிறதா முடிவு. நான்தான் முதல்ல திரும்பணும்.”

“அதான் முடிவாயிட்டுதே. பிறகு எதுக்கு மலை ஏறி வந்தீங்க?”

இசக்கியப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார்.

“என் மக நித்திலா வாங்கினது. முதல் சம்பளத்துல ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கா. ஒண்ணை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசலை.”

“ஏன் பேசலை?”

“அதுக்கு முன்னால ஒருநாள் சமையலறையில நங்கூரம் பாடிக்கிட்டிருந்தா. புதுசை. ‘ஹோ’ன்னா. நான் திரும்பிப் பார்த்தேன்.”

“பார்த்து?”

“பார்த்தேன். அவ்வளவுதான்.”

“இப்போ பாடுறாளா?”

“வீட்டுல பாட்டுச் சத்தமே இல்லைம்மா.”

உலகம்மை அடுத்த புளியைக் கல்லின் மேல் வைத்தார்.

“நீங்களே சொல்லுங்க,” என்றார் இசக்கியப்பன். “பழசு சரியா, புதுசு சரியா? முகத்தைக் காட்டச் சொன்னா முகத்தைக் காட்டுறேன். முதுகைன்னா முதுகு.”

“எனக்கு ரெண்டும் தெரியாதே. பழசைப் பாடுங்க, கேட்போம்.”

“நானா? என் குரல் கிரேன் சத்தம் மாதிரி இருக்கும்.”

“கப்பல்ல இருக்கிற சரக்கு அதைக் குறை சொல்லுதா என்ன? பாடுங்க.”

இசக்கியப்பன் கண்களை மூடிக்கொண்டு பாடினார். உலகம்மை புளி தட்டுவதை நிறுத்தவில்லை. கப்பலைப் பற்றிய வரி வந்தது. கயிற்றைப் பற்றிய வரி வந்தது. பின்னர் எல்லாம் நின்றது.

அவருடைய பாதம் தரையில் ஓங்கி விழுந்தது.

டொக்.

ஒரு கணம் பிந்திச் சுத்தியல் கல்லின் மேல் விழுந்தது.

இசக்கியப்பன் கண்களைத் திறந்து, திரும்பிப் பார்த்தார்.

உலகம்மை அந்தப் பார்வையை நேராக வாங்கிக்கொண்டார்.

“இதுதானா அது?” என்று கேட்டார்.

“அம்மா… நான் வேணும்னு…”

“நான் சுவர் ஓரமாப் போய் உட்காரணுமா, அண்ணாச்சி?”

இசக்கியப்பன் தரையில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தார். அவற்றுள் ஒன்றை எடுத்தார். மீண்டும் கீழே வைத்தார்.

“பிந்திட்டேனா?”

“கொஞ்சம்மா.”

“மறுபடி பாடுங்க.”

மறுபடி பாடினார். சுத்தியல் மறுபடியும் பிந்தியது.

“மறுபடி.”

இம்முறை பாதமும் சுத்தியலும் ஒன்றாக விழுந்தன. அதே நேரத்தில் வெளியே இன்னொரு காலும் தரையில் விழுந்தது. பச்சைச் சட்டைக்காரனின் கால் அது. பிந்தித்தான் விழுந்தது.

இசக்கியப்பனின் கழுத்து வாசலை நோக்கித் திரும்பத் தொடங்கியது. பாதியில் நின்றது.

உலகம்மை சுத்தியலைக் கீழே வைத்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையேம்மா,” என்றார் சீடர்.

உலகம்மை டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

“புளி பட்டுக் கறையாயிட்டுது. உள்ளே விடுவாங்களா?”

“விடுவாங்க.”

“அப்போ கிளம்புங்க. வெளியில ஆள் காத்திருக்காங்க.”

மறுநாள் மாலை கடற்கரை மைதானம் நிரம்பி வழிந்தது. நித்திலா தந்தையின் பக்கத்தில் நின்றாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது. அவ்வளவு நெரிசலிலும் அந்த இடத்தில் எவரும் வந்து நிற்கவில்லை.

நங்கூரம் தொடங்கியது.

வலப்புறத்தில் மன்றத்தார் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு முதுகைக் காட்டினர்.

“லேய் இசக்கி! திரும்புலே!” என்றது ஒரு குரல்.

“மக முன்னால வெக்கப்படுதான்டே,” என்றது இன்னொன்று.

இசக்கியப்பன் திரும்பவில்லை. ஆனால் சுற்றிலும், ஒரு சொல்லும் பிசகாமல் பாடிக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்தின் மீதும் அவருக்குப் பொறாமை இருந்தது. நேற்று இருந்த அளவே இன்றும் இருந்தது.

கப்பல் வரி வந்தது. கயிற்று வரி வந்தது.

மைதானம் முழுவதும் ‘ஹோ’ என்று எழுந்தது.

நித்திலா மட்டும் உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவர் அதைப் பார்த்தார்.

‘ஹோ’ எழுந்து, உயர்ந்து, அடங்கியது. அது முற்றும் அடங்கிய பிறகு, கிரேன் சத்தத்தைப் போன்ற ஒரு குரல் தனியாக எழுந்தது.

“ஹோ!”

முன்வரிசையிலிருந்த இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இசக்கியப்பனின் காதுகள் சூடேறின. கால்கள் தாமாகவே பின்னே நகர்ந்தன. சுவர் எதுவும் அங்கே இல்லை, கடல்தான் இருந்தது.

அவர் மெல்ல மகளின் பக்கம் முகத்தைத் திருப்பி, வரப்போகும் பார்வைக்காகக் காத்து நின்றார்.

நித்திலா நடுவிலிருந்த இடத்தைக் கடந்து வந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“பிந்திட்டீங்கப்பா,” என்றாள். “அடுத்த சரணத்துல மறுபடி வரும்.”