மாதையன் யானையும் வெள்ளச்சியின் கிழங்குக் கடையும்

காட்டுக்குள் பஸ் வந்துவிட்டது! பஸ் என்றால் வேறொன்றுமில்லை, மாதையன் யானைதான். குளக்கரையில் முயல், கீரி, உடும்பு எல்லாரையும் முதுகில் ஏற்றுவான். மலையடிவாரச் சந்தையில்தான் இறக்குவான். நடுவில் எங்கும் நிற்கமாட்டான்.

காடே கொண்டாடியது. வெள்ளச்சி மட்டும் அழுதாள். பாவம், அழாமல் என்ன செய்வாள்? பாதி வழியில் கிழங்கு சுட்டு விற்கிற முள்ளம்பன்றி அவள். நடந்து களைத்து உட்காருகிறவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. இப்போது யார் நடக்கிறார்கள்? கடையில் ஈ ஓட்டினாள். இப்படியே போனால் கடையை மூடிவிட்டுக் குட்டிகளோடு காட்டை விட்டே போகவேண்டியதுதான்.

"பஸ் நின்னாத்தானே பிழைப்பு? நிக்க வைக்கிறேன் பாரு!" என்று தன் முதுகு முள்ளையே பிடுங்கிப் பாதையில் நட்டு வைத்தாள்.

பஸ் நின்றது! "ஐயோ, என் காலு!" என்று பிளிறிக்கொண்டு மாதையன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலே இருந்தவர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள்.

"வாங்க, வாங்க! சுடச்சுடக் கிழங்கு!" என்றாள் வெள்ளச்சி.

கிழங்கை யார் பார்த்தார்கள்? கீரி அந்த முள்ளைப் பிடுங்கியது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் முள். அட அசடே, காட்டில் வேறு யாருக்கு இருக்கிறது அந்த முள்!

"உன் வேலைதானே?" என்று சீறியது கீரி.

வெள்ளச்சி உடைந்துவிட்டாள். "ஆமா! ஒருத்தரும் வர்றதில்ல. குட்டிகளை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

மாதையன் வலியோடு அவளைப் பார்த்தான். "ஏம்மா, நில்லுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! இந்தச் சரிவுல ஆளை இறக்க மண்டி போட்டா எழுந்திரிக்கிறது பெரும்பாடு. கீழே புளியமரத்தடி சமதரை. கடையை அங்கே கொண்டுவா, நிக்கிறேன்."

கால் ஆறும்வரை பஸ் ஓடவில்லை. எல்லாரும் நடந்தார்கள், களைத்தார்கள். ஆனால் கோபத்தில் ஒருவர்கூட அவள் கடையில் உட்காரவில்லை. வெள்ளச்சி தினமும் பச்சிலை அரைத்து மாதையன் காலில் வைத்துக் கட்டினாள்.

பஸ் மறுபடி கிளம்பியது. வெள்ளச்சி புதுசாகக் கடை போட்டிருந்த புளியமரத்தடியில் நின்றது. யாரும் இறங்கவில்லை. வெள்ளச்சிக்குக் கண் கலங்கியது.

மாதையன் தும்பிக்கையை நீட்டினான். "முதல் போணி என்னுது. ரெண்டு கிழங்கு குடும்மா!"

"எனக்கும்தான்! பசி உயிர் போகுது!" என்று முயல் குதித்து இறங்கியது. கடைசியில் கீரியும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

பிழைப்புக்கு இடைஞ்சல் வந்தால் பாதையில் முள்ளைப் போடாதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள்.