ஈரக் கழிவு

ஒரு காட்டில் ஒரு கரடி காகித ஆலை நடத்தி வந்தது, குழந்தைகளே. மலைப்பாதையில் மனிதர்கள் வீசிவிட்டுப் போகும் பழைய தாளை மிருகங்கள் பொறுக்கிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவரும். கரடி அதை எடை போட்டு, எடைக்கு ஏற்றபடி கிழங்கு கொடுக்கும். பிறகு அந்தத் தாளைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்யும்.

முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளையும் இந்தக் கிழங்கைக் கொண்டுதான் வளர்த்தது. பனியில் நனைந்த தாளைக்கூடப் பாறையில் உலர்த்திய பிறகே அது கட்டும்.

குரங்குக்கு அவ்வளவு பொறுமை ஏது? கட்டின் நடுவில் ஓடைத்தண்ணீரை ஊற்றி, மேலே காய்ந்த தாளைச் சுற்றிக் கொண்டுபோனது. எடை கூடியது, கிழங்கும் கூடியது. மற்ற மிருகங்களும் அந்த வித்தையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டன. நல்லதைக் கற்கத்தான் அவற்றுக்கு நாளாகும்.

நனைந்த தாள் குவியலிலேயே மக்கியது. கரடி செய்த புதுத் தாள் தொட்டதும் கிழிந்தது.

"இனி எல்லாக் கட்டிலும் கால் பங்கு எடையை ஈரத்துக்குக் கழிப்பேன்" என்றது கரடி.

"என் கட்டு காய்ந்தது, கரடியண்ணா. பிரித்துப் பாருங்கள்" என்றது முள்ளம்பன்றி.

"ஒவ்வொன்றாகப் பிரிக்க எனக்கு நேரமில்லை, அம்மா. எல்லோருக்கும் ஒரே கணக்கு."

அன்று குட்டிகள் அரைவயிற்றோடு படுத்தன.

"கழிக்கிற ஈரத்தைத்தானே அக்கா ஊற்றச் சொல்கிறேன்? இதில் என்ன தப்பு?" என்று முள்ளம்பன்றியிடம் சொன்னது குரங்கு.

மறுநாள் முள்ளம்பன்றி முதன்முறையாகத் தன் கட்டை ஓடையில் முக்கி எடுத்து, மேலே காய்ந்த தாளைச் சுற்றிக் கொண்டுபோனது. பாவம், வேறு என்ன செய்யும்?

ஆலை வாசலில் கரடி காத்திருந்தது. கட்டைத் தராசில் வைக்காமல் பிரித்து, நடுவில் கைவைத்தது. நேற்றே பிரித்துப் பார்த்திருக்கலாம். இன்றுதான் அதற்கு நேரம் கிடைத்தது. கை நனைந்தது.

"உன் கட்டு ஒன்றாவது காய்ந்திருந்தால், உன்னிடம் மட்டும் கழிவில்லாமல் வாங்கி ஆலையை ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன்" என்றது கரடி.

"இன்று ஒருநாள்தான், அண்ணா. குட்டிகளுக்குப் பசி."

"நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். நான் இனி எந்தக் கட்டை நம்புவது?"

கரடி ஆலையைப் பூட்டிவிட்டுக் காட்டை விட்டே போய்விட்டது.

முள்ளம்பன்றி அந்தக் கட்டைப் பாறையில் பிரித்துப் போட்டது. மாலைக்குள் தாளெல்லாம் நன்றாகக் காய்ந்துவிட்டது. வாங்கத்தான் யாருமில்லை. பசி தாங்காத குட்டிகள் அதைக் கடித்துப் பார்த்துத் துப்பின.

நீதி: எல்லோரும் ஏமாற்றுகிறார்களே என்று நாமும் ஒருநாள் ஏமாற்றினால், நம்மை நம்பியிருந்த கடைசி ஆளையும் இழப்போம்.